நல்ல இடமா ஒண்ணு சொல்லுங்க சார்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து போன் செய்தார். பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறாராம். "சார், பிள்ளைங்க ரெண்டும் இங்க நேஷனல் பார்க் நேஷனல் பார்க்னு சுத்தினதுங்க. நம்ம ஊர்க் காட்டுலயும் ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிடணும்னு ஆசைப்படுதுங்க. கூட்டம் இல்லாத நல்ல இடமா ஒண்ணு சொல்லுங்க சார். உங்களுக்குத் தெரியாத இடமா?" என்றார்.

தெரியும். அதுதான் எனக்குச் சங்கடம். "யோசிச்சுச் சொல்றேன்ப்பா" என்று போனை வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அதில் நான் செய்த ஒரு தவறும் வரும்.

முதலில் ஒரு விவரம். நம் தருமபுரி மாவட்டத்தில் தேசியப் பூங்கா கிடையாது. தமிழ்நாட்டில் மொத்தம் 5 தேசியப் பூங்காக்கள்: கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலையில் உள்ள இந்திரா காந்தி, மன்னார் வளைகுடா. நம்மிடம் இருப்பது காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டக் காப்புக்காடுகளையும் சேர்த்து, ஏறக்குறைய 686 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2022 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது. மாநிலத்தின் 17ஆவது சரணாலயம். ஏற்கெனவே இருந்த காவிரி வடக்கு சரணாலயத்தையும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தையும் இது இணைக்கிறது. யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது அல்லவா, அவை காலங்காலமாக நடந்த வழி அது. யானை தவிர, நீர்நாய், முதலை, நான்கு கொம்பு மான், லீத் ஆமை என்னும் மெல்லோட்டு ஆமை, சாம்பல் நிற மலை அணில் எல்லாம் இந்தக் காட்டிலும் ஆற்றிலும் உண்டு. ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற நம்மில் பலருக்கு, நாம் போய்வந்தது எப்பேர்ப்பட்ட காட்டின் வாசற்படி என்பது தெரியாது.

இனி கதைக்கு வருகிறேன்.

1989ஆம் வருடம், பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை. அப்போது நான் பென்னாகரம் வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேர், ஆசிரியர்கள் 3 பேர். டெம்போ ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஒகேனக்கல் போய் அருவியைப் பார்த்தோம். அதன்பிறகு, கடைத்தெருவில் சாப்பிடுவதைவிடக் காட்டுக்குள் கூட்டாஞ்சோறு ஆக்கலாம் என்பது என் யோசனை. இளரத்தம். வீட்டுக்கு ஒரு படி அரிசி, இரண்டு தக்காளி, ஒரு வெங்காயம் என்று பிள்ளைகள் கொண்டுவந்திருந்தார்கள். காட்டுச் சாலையில் இறங்கி அரை மைல் நடந்து, காவிரியில் போய்ச் சேரும் ஓர் ஓடையின் கரையில் இடம் பிடித்தோம். வெள்ளை மணல், கணுக்கால் அளவு தண்ணீர், பக்கத்தில் உயரமான பாறை. இதைவிட நல்ல இடம் உண்டா என்று நினைத்தேன். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி அண்டாவை ஏற்றினோம்.

காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது அன்றைக்கும் குற்றம்தான். 1882ஆம் வருடத்து வனச் சட்டம் அது. எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் யாரையும் கேட்கவும் இல்லை.

சோறு பாதி வெந்திருக்கும். மாட்டுமணிச் சத்தம் கேட்டது. பட்டி போட்டு மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், இருபது முப்பது ஆலம்பாடி மாடுகளோடு வந்தார். ஆலம்பாடி தெரியுமல்லவா? ஒகேனக்கல் பக்கத்து ஊர். அந்த ஊர்ப் பெயரில் வழங்கும் நம் மண்ணின் மாட்டினம். பெரியவர் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யாரு, வாத்தியாருங்களா? புள்ளைங்களைக் கூட்டிக்கினு வந்து இங்கயா உட்கார்ந்தீங்க? எழுந்திரிங்க சாமி."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "ஏன், யாரு இடம் இது?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் மூன்று இடங்களைக் காட்டினார்.

முதலில் தரையை. மணலுக்கு மேலே கரை சரிந்து இறங்கும் இடத்தில் உலர்ந்த லத்தி கிடந்தது. நாங்கள் அதன் மேலேயே நடந்து வந்திருக்கிறோம். "ஆனை தண்ணிக்கு எறங்குற வழி இது. வெயில் ஏற ஏற மேல குட்டையெல்லாம் வத்திப் போச்சு. சாயங்காலம் இங்கதான் வரும்."

அடுத்து மரத்தை. எங்களுக்கு நிழல் தந்த நீர்மருதின் கிளையில், இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, சருகும் வைக்கோலும் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. "அது தண்ணி வந்த அளவு. மேல மலையில பேஞ்சா, இங்க வெயில் அடிக்கிறப்பவே வெள்ளம் வரும்."

கடைசியாகப் பாறையை. அண்ணாந்து பார்த்தால், பாறையின் நெற்றியில் கறுப்பாக நாலைந்து தேன் அடைகள். மலைத்தேனீ. எங்கள் அடுப்புப் புகை நேராக அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. "காத்து கொஞ்சம் திரும்பியிருந்தா, உங்க புள்ளைங்களைத் தூக்கிக்கினு ஓடக்கூட ஆள் இருந்திருக்காது" என்றார்.

நான் பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்தவன். மூன்றில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. மணல் வெள்ளையாக இருக்கிறது, நிழல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன்.

அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, அண்டாவின் காதுகளில் கம்பைக் கொடுத்து நாலு பேர் தூக்க, பெரியவர் முன்னே நடந்தார். அரை மணி நேரத்தில் ஓடைக்கு எதிர்க்கரையில், மேடான ஒரு பாறைத் திட்டுக்குக் கூட்டிப்போனார். மேலே மருத நிழல், கீழே தெளிந்த தண்ணீர், மூன்று பக்கமும் திறந்த வெளி. எந்தப் பக்கமிருந்து எது வந்தாலும் தூரத்திலேயே தெரியும். அரைவேக்காட்டுச் சோற்றை அதன் சூட்டிலேயே மூடிவைத்துப் புழுங்கவிட்டு, தொட்டுக்கொள்ள ஊறுகாயோடு சாப்பிட்டோம். பெரியவர் தன் தூக்குப்போசியிலிருந்த ராகிக் களியைப் பிட்டு ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தார். அரிசிச் சோறு சரியாக வேகவில்லை. களிதான் அன்று ருசித்தது.

நாலரை மணி இருக்கும். பெரியவர் கையை உயர்த்திச் சத்தம் போடாதீர்கள் என்று காட்டினார். நாங்கள் முதலில் உட்கார்ந்திருந்த மணலில் யானைகள் இறங்கின. ஏழு. அதில் ஒன்று குட்டி. எங்கள் மூன்று கல் அடுப்பைப் பெரிய யானை துதிக்கையால் மோந்து பார்த்து, இரண்டடி பின்வாங்கி, சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தது. 38 பிள்ளைகளும் மூச்சுவிடவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 38 வீட்டு வாசலில் நான் போய் நின்று என்ன சொல்லியிருப்பேன்?

அமெரிக்காவிலிருந்து போன் செய்த மாணவரும் அந்த 38 பேரில் ஒருவர். அவருக்கு அந்த யானைகள்தான் நினைவில் இருக்கின்றன. எனக்கு அந்தத் தேன் அடைகள்.

அதன்பிறகு பல வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. வீரப்பன் காலம். காட்டுக்குள் போகிறவர்களைப் போலீசும் சந்தேகப்படும், ஊர்க்காரர்களும் தடுப்பார்கள். 2004 அக்டோபர் 18ஆம் தேதி இரவு நம் பாப்பாரப்பட்டி அருகே அவர் கதை முடிந்தது. பயம் தெளிந்ததும் காட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் இருசக்கர வண்டிகள், பிறகு கார்கள், பிறகு பெங்களூரிலிருந்து வேன்கள்.

நானும் 2006இல் மறுபடி போனேன். அந்தப் பாறைத் திட்டு அப்படியே இருந்தது. சக ஆசிரியர்களைக் கூட்டிப்போனேன், உறவினர்களைக் கூட்டிப்போனேன். புளிச்சோறு கட்டிக்கொண்டு போய், மந்தாரை இலையில் சாப்பிட்டு, இலையை மட்டும் மண்ணில் புதைத்துவிட்டு வருவோம். "சாருக்கு மட்டும் எப்படித்தான் இந்த மாதிரி இடமெல்லாம் தெரியுதோ" என்று சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்கப் பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு முகநூலுக்கு வந்தேன். 2016இல் அந்த இடத்தைப் பற்றி எழுதினேன். நாலு போட்டோ. சாலையில் எந்த இடத்தில் இறங்க வேண்டும், எந்தப் புளியமரத்தில் திரும்ப வேண்டும் என்று வகுப்பில் பாடம் சொல்வதுபோல் தெளிவாக எழுதினேன். அதுவரை என் பதிவுக்கு முப்பது நாற்பது லைக் வந்தால் அதிகம். இது எங்கெங்கோ போயிற்று. யார் யாரோ பகிர்ந்தார்கள். நன்றி சொல்லிச் சொல்லி விரல் வலித்தது.

2019இல் பேரனை அழைத்துக்கொண்டு போனேன். புளியமரத்தருகே ஆறு கார்கள். பாறைத் திட்டில் அடுப்பெரித்த கரி, பிரியாணிப் பொட்டலத் தாள், தண்ணீர் பாட்டில், சிப்ஸ் கவர். ஓடைத் தண்ணீருக்குள் உடைந்த பீர் பாட்டில் பளபளவென்று கிடந்தது. பேரன் செருப்பைக் கழற்றப் போனான், வேண்டாம் என்று தடுத்தேன். மருத மரத்தின் அடியில் யாரோ இருவர் பெயர் வெட்டப்பட்டு, பட்டை உரிந்திருந்தது.

திரும்பும் வழியில் மாட்டுமணி கேட்டது. பழைய பெரியவரின் மகன். அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது என்றார். ஒரு பசு காலை இழுத்து இழுத்து நடந்தது. குளம்பில் பாட்டில் கண்ணாடி ஏறி, புண்ணாகிப் புழு வைத்துவிட்டது. "இதோட மூணாவது மாடு சார் இந்த வருஷம்" என்றார். பிறகு சொன்னார்:

"முன்ன இப்படி ஆளுங்க வரமாட்டாங்க. யாரோ ஒரு வாத்தியார் பேஸ்புக்ல போட்டுட்டாராம் சார். அதுலேர்ந்துதான்."

அந்த வாத்தியார் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. பேரன் பக்கத்தில் நின்றான். பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து, "மாட்டுக்கு மருந்து வாங்குங்க" என்று கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிரவே பதிவை அழித்தேன். ஆனால் போட்டோவும் வழியும் எத்தனையோ வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டன. அவற்றை என்னால் அழிக்க முடியவில்லை.

2022 மார்ச்சில், காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகங்களுக்கு என்று திருத்தியது. அதே ஆண்டு நவம்பரில் இந்தக் காடு சரணாலயம் ஆயிற்று. மேய்ச்சல் காட்டுக்கு நல்லதா கெட்டதா என்பதில் இரு தரப்பு நியாயமும் உண்டு. மாட்டிடமிருந்து காட்டு விலங்குக்கு நோய் தொற்றும் என்பதும் உண்மை, பட்டிக்காரர்கள் இல்லாமல் ஆலம்பாடி இனம் பிழைப்பது கடினம் என்பதும் உண்மை. அதை இந்தப் பதிவில் தீர்க்க முடியாது. ஆனால் தலைமுறையாகக் காட்டைத் தெரிந்தவரின் மாடு போகக்கூடாத இடத்துக்கு, ஒரு நாள் வந்து போகும் நம்முடைய பிரியாணிப் பொட்டலம் போகலாமா என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டேன்.

போன வருடம் பென்னாகரம் சந்தையில் அந்த மகனைப் பார்த்தேன். மாடுகளில் பாதியை விற்றுவிட்டதாகச் சொன்னார். டீக்கடைக்குக் கூட்டிப்போய், "தம்பி, அந்த வாத்தியார் நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்கப்பா உங்களுக்குக் காட்டுனாரு. நீங்க ஊருக்கே காட்டிட்டீங்க" என்றார்.

பிறகு டீயைக் குடித்துவிட்டு, பையன் பிளஸ் டூ முடிக்கப் போகிறான், எந்தக் கல்லூரியில் என்ன படிப்புக்குப் போடலாம் என்று கேட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். மன்னித்தாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

சரி, மாணவருக்கு என்ன பதில் சொல்வது? பிள்ளைகள் காடு பார்க்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவரே சொன்னார், அங்கே யோசெமிட்டி பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட மேசை போட்ட இடங்கள் தனியே இருக்குமாம். கரடி மோப்பம் பிடித்து வரும் என்பதால், சாப்பாட்டை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டுமாம். அங்கே அதற்கெல்லாம் கட்டுப்படுகிற நம் ஆட்கள், ஊருக்கு வந்ததும் எல்லாம் மறந்துவிடுகிறோம்.

அதனால் இந்த முறை வழி சொல்லும்போது பொதுவான இடங்களை மட்டும் சொல்கிறேன்:

1) ஒகேனக்கல். சுற்றுலாப் பகுதிக்குள்ளேயே பாருங்கள். பரிசலில் உயிர்காப்பு உடையைக் கழற்றாதீர்கள். பாறைகளைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள், கார்பனடைட் என்னும் அரிய வகைப் பாறை அங்கே உண்டு. 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. புறப்படும் முன் செய்தியில் பிலிகுண்டுலு நீர்வரத்தைப் பாருங்கள். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்துவிட்டால் இங்கே பரிசலும் குளியலும் நிறுத்தப்படும். 2018இலும் 2024இலும் லட்சம் கனஅடிக்கு மேல் வந்ததைப் பார்த்தோம். கோடையில் தண்ணீர் குறைந்திருந்தால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். பாறை இடுக்கின் ஆழம் மேலிருந்து தெரியாது.

2) அணைகள். பாலக்கோடு பக்கம் பஞ்சப்பள்ளி சின்னாறு அணை, பாப்பிரெட்டிப்பட்டி அருகே சேர்வராயன் மலையடியில் வாணியாறு அணை, தொப்பையாறு அணை, நாகாவதி அணை. மழை பெய்து முடிந்த மாதங்களில் போனால் கண்ணுக்குக் குளிர்ச்சி. கரையில் உட்காரலாம், தண்ணீரில் இறங்க வேண்டாம்.

3) வத்தல்மலை. கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் காப்பி, மிளகுத் தோட்டங்கள். அங்கே மக்கள் வாழ்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அவர்கள் வீட்டு வாசலும் நிலமும் நம் பிக்னிக் இடம் இல்லை. அவர்களிடம் காப்பித்தூளோ மிளகோ வாங்கிக்கொண்டு வாருங்கள்.

4) அரூர் பக்கம் தீர்த்தமலை. காலையிலேயே ஏறிவிடுங்கள். சாப்பாட்டுப் பையை மூடியே வையுங்கள், குரங்குகள் உண்டு.

குரங்கு என்றதும் ஒன்று. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் சாலையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடாதீர்கள். அது பழகிப்போய்ச் சாலையிலேயே உட்காரும், அடுத்து வரும் வண்டியில் அடிபடும். புண்ணியம் என்று நினைத்துச் செய்வது அதன் உயிரை எடுக்கிறது.

சரணாலயத்துக்குள் போக ஆசைப்பட்டால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, அனுமதி இருந்தால் மட்டும் போங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவதும், தீ மூட்டுவதும் குற்றம். எங்கே உட்கார்ந்தாலும் பெரியவர் சொன்ன மூன்றையும் பாருங்கள்: தரையில் என்ன கிடக்கிறது, மரத்தில் என்ன சிக்கியிருக்கிறது, பாறையில் என்ன தொங்குகிறது. சமைத்து எடுத்துக்கொண்டு போங்கள். கொண்டுபோனது அத்தனையும் உங்களோடு திரும்பி வரட்டும்.

மாணவருக்கு இன்று காலை போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். "அப்போ நம்ம யானை பார்த்த இடம்?" என்று கேட்டார். அங்கே போக வேண்டாம்ப்பா என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு. பிறகு, பொங்கல் கழித்து ஒரு நாள் பிள்ளைகளோடு வத்தல்மலை போவது என்று முடிவு செய்தோம். புளிச்சோறு என் வீட்டிலிருந்து. மந்தாரை இலை கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவரை இரண்டு பெரிய சாக்குப் பை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். போகிற வழியில் கிடக்கும் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டே போகலாம். அமெரிக்கப் பிள்ளைகள் சலித்துக்கொள்ளாது என்று அவர் உறுதி கொடுத்தார்.

பழைய பதிவின் போட்டோ உங்கள் யாரிடமாவது இருந்தால், அருள்கூர்ந்து அழித்துவிடுங்கள். யாராவது அந்த இடத்துக்கு வழி கேட்டால், வாத்தியார் மறந்துவிட்டார் என்று சொல்லிவிடுங்கள்.